மொசார்ட்டின் பெயர் வந்த வழி

சால்ஸ்பர்க் நகரத்துத் தலைமைக் கோவிலின் திருமுழுக்குப் பதிவேட்டில், 1756 ஜனவரி 28ஆம் நாளுக்குரிய இலத்தீன் வரியில், முந்தைய இரவு எட்டு மணிக்குப் பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு இட்ட பெயர் இப்படி நிற்கிறது: யோவான்னெஸ் கிறிசோஸ்தொமுஸ் வொல்ஃப்காங்குஸ் தெயோஃபிலுஸ். அந்தக் குழந்தையை உலகம் அறிந்து வைத்திருக்கும் ‘அமதேயுஸ்’ என்ற சொல் அந்த வரியில் எங்குமே இல்லை. தந்தை லேயோபோல்ட் மொசார்ட் அதைச் சொல்லவில்லை. திருமுழுக்குக் கொடுத்த குருவானவர் அதைப் பதியவில்லை. பிறகு அது எங்கிருந்து வந்தது, யார் வாயில் எந்த ஒலியாய்த் திரிந்தது, திரிந்தபோது பொருளிலும் ஏதேனும் நழுவிற்றா என்று அடுக்கடுக்காக உரித்துப் பார்ப்பது சொற்சுவை அறிந்த உங்களுக்கும் எனக்கும் விருந்து.

தலையில் நிற்கும் இரு சொற்களும் நாளைப் பார்த்து வந்தவை. ஜனவரி 27 அன்றைய உரோமைத் திருச்சபை நாட்காட்டியில் புனித யோவான் கிறிசோஸ்தோமின் திருநாள். அந்நாளில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் புனிதரின் பெயரை இடுவது சால்ஸ்பர்க் மக்களின் வழக்கம். யோவான் என்பது எபிரேய மொழியில் ‘யாவே அருளினார்’ என்று விரியும் சொல். நம் கத்தோலிக்க முன்னோர் யோவானை ‘அருளப்பர்’ என்று வழங்கியது இந்த வேர்ப்பொருளைக் கண்டுதான். எபிரேய ஒலி கிரேக்கத்திலும் இலத்தீனிலும் செருமனிலும் தேய்ந்து தேய்ந்து பொருள் புலப்படாமற் போக, தமிழில் மட்டும் ஒலி முழுவதும் களைந்து பொருள் முழுவதும் நிலைத்தது என்பதை எண்ணும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது.

அடுத்த சொல் இன்னும் அழகு. ‘கிறிசோஸ்’ என்றால் கிரேக்கத்தில் பொன், ‘ஸ்தோமா’ என்றால் வாய். கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தின் ஆயராக இருந்து, கேட்டவர் உள்ளத்தைக் கட்டும்படி மறையுரை ஆற்றிய ஒருவருக்குப் பிற்காலத்தார் சூட்டிய அடைமொழி அது. பொன்னாலாகிய வாய் என்ற பொருளைத் தாண்டி, அத்தகைய வாயை உடையவர் என்று அன்மொழித்தொகையாய் நிற்பது. பொற்றொடி என்று நாம் தொடியைச் சொல்லித் தொடி அணிந்தவளைக் குறிப்பது போலவே கிரேக்கனும் ‘பொன்வாய்’ என்று வாயைச் சொல்லி வாய்க்குரியவரைக் குறித்திருக்கிறான். மாணிக்கவாசகர் என்ற பெயருக்கும் இதற்கும் உள்ள உறவு, நூற்றாண்டுகளும் கடல்களும் இடையே கிடந்தாலும், ஒரே உள்ளத்திலிருந்து எழுந்த இரு சொற்களின் உறவு. ஆனால் இந்தப் பொன்வாய் பதிவேட்டோடு நின்றுவிட்டது. வீட்டிலோ வெளியிலோ அந்தப் பிள்ளையை யாரும் அப்பெயரால் அழைக்கவில்லை.

மூன்றாவது பெயர் தாய்வழிப் பாட்டனுடையது. தாய் அன்னா மரியா, சால்ஸ்பர்க்குக்குக் கிழக்கே ஏரிக்கரையில் உள்ள சாங்க்ட் கில்கன் என்ற ஊரில் 1720இல் பிறந்தவர். அவருடைய தந்தை வொல்ஃப்காங் நிக்கோலாவுஸ் பெர்ட்டல் அவ்வூரில் ஆட்சி அலுவலர். அதே ஏரியின் மறுகரையில் பத்தாம் நூற்றாண்டு ஆயர் வொல்ஃப்காங்கின் பெயரால் ஒரு திருத்தலம் உண்டு. இன்று ஏரியையே வொல்ஃப்காங்சே, அதாவது வொல்ஃப்காங் ஏரி என்கிறார்கள். ஆக, பாட்டன் பெயர் பேரனுக்கு என்ற நம் ஊர் வழக்கமே இங்கும் வேலை செய்திருக்கிறது. பாட்டனுக்கு அந்தப் பெயர் வாய்த்ததற்கோ அந்த ஏரிக்கரை மண்ணே காரணமாயிருக்கக் கூடும். ‘வொல்ஃப்’ ஓநாய், ‘காங்’ நடை. பழந்தமிழில் செலவு என்றால் போதல் என்று பொருள்படுமே, அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் ஓநாய்ச் செலவுடையான். ருடோல்ஃப், அடோல்ஃப் என்று பழஞ்செருமானியர் பெயர்கள் பலவற்றின் வாலில் ஒளிந்திருப்பதும் இந்த ஓநாய்தான். போர்க்குடிகள் அஞ்சியும் வியந்தும் பார்த்த விலங்கு பிள்ளைகளின் பெயரில் ஏறுவது எல்லா நிலத்திலும் உள்ளது. பொன்வாய்க்கு அடுத்தே ஓநாய்நடை! கிரேக்கத்து மெருகும் செருமானியக் காட்டுமணமும் ஒரே குழந்தையின் பெயரில் தோளுரசி நிற்கின்றன. வீட்டிலோ அந்த முரட்டுச் சொல் ‘வோஃபெர்ல்’ என்று குழைந்தது. தென்செருமன் பேச்சில் ‘எர்ல்’ என்பது செல்லம் கொஞ்சும் விகுதி; அக்காள் மரியா அன்னா ‘நன்னெர்ல்’ ஆனதும் அதே விகுதியால். லகரம் வாய்க்குள் கரைந்து ‘வொல்ஃப்’ ‘வோஃப்’ ஆனது மழலைக்கு ஏற்ற எளிமை.

இனி நான்காவது சொல்லுக்கு வருவோம்; கட்டுரையின் கருவே அதுதான். ஞானத்தந்தையாக நின்றவர் சால்ஸ்பர்க் வணிகரும் நகரமன்றத்தாருமான பெர்க்மையர்; பதிவேட்டில் அவர் யோவான்னெஸ் தெயோஃபிலுஸ் பெர்க்மையர். அவர் பெயரின் பாதியே குழந்தைக்கு வந்தது. கிரேக்கத்தில் ‘தெயோஸ்’ கடவுள், ‘ஃபிலோஸ்’ அன்புக்குரியவர். லூக்கா தம் நற்செய்தியை யாருக்கென்று எழுதினாரோ அவருக்கும் இதே பெயர். தமிழ் விவிலியத்தில் தெயோப்பிலு என்றும் தியோபில் என்றும் அவரைப் பார்த்திருப்பீர்கள். சால்ஸ்பர்க்கில் மக்கள் பேசிய மொழியில் இதற்கு நேர்ச்சொல் ‘கொட்லீப்’. கோவில் ஏட்டின் மொழி இலத்தீன் என்பதால் அங்கே கிரேக்க வடிவம் ஏறியது. வீட்டுப் பேச்சில் செருமன் வடிவம் இருந்தது. அதற்குச் சான்று தந்தையின் கையெழுத்திலேயே உள்ளது. பிறந்து இரண்டு வாரம் ஆகாத நிலையில், 1756 பிப்ரவரி 9 அன்று, தம் வயலின் பயிற்சி நூலை அச்சிட்டுக்கொண்டிருந்த அவுக்ஸ்பர்க் அச்சகத்தார் லோட்டருக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளையின் பெயர் யோவான்னெஸ் கிறிசோஸ்தொமுஸ், வொல்ஃப்காங், கொட்லீப் என்று லேயோபோல்ட் தெரிவிக்கிறார். பெயர் பிறந்த பதினைந்து நாளுக்குள் ஒருமுறை மொழிபெயர்ந்துவிட்டது.

‘தெயோஃபிலுஸ்’ என்பதைத் தமிழாக்கச் சொன்னால் ‘இறையன்பன்’ என்போம். ஆனால் இறையன்பன் யார்? இறைவனிடம் அன்பு செலுத்துகிறவனா, இறைவனின் அன்பைப் பெற்றவனா? இறைக்கு அன்பன், இறையது அன்பன், இறைவன்பால் அன்பன் என எந்த உருபை விரித்தாலும் தொகை ஏற்றுக்கொள்கிறது. உருபு மறைந்திருப்பதால் அன்பு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைச் சொல் சொல்லாமல் விடுகிறது. கிரேக்கச் சொல்லிலும் இந்த ஊசலாட்டம் உண்டு. என்றாலும் கடவுளுக்கு இனியவன் என்ற பக்கமே அங்கே கனக்கிறது. ‘கொட்லீப்’ இன்னும் வேடிக்கையான கதை உடையது. ‘கொட்’ கடவுள், ‘லீப்’ இனிய, அன்பான என்று இன்றைய செருமானியர் காது பிரித்துக்கொள்கிறது. ஆனால் பழைய வடிவத்தில் பின்பாதி ‘எஞ்சி நிற்பவன், வழித்தோன்றல்’ என்னும் பொருளுடைய வேறொரு சொல்லென்றும், அது ஒலி ஒப்புமையால் ‘லீப்’ ஆகத் திரிந்ததென்றும் பெயராய்வோர் கூறுவர். அதாவது, கடவுளின் வழியில் வந்தவன் கடவுளுக்கு அன்பானவனாய் மாறினான். பாட்டி சொன்ன சொல்லைப் பேரன் தனக்குத் தெரிந்த சொல்லாகக் கேட்டுக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதே.

‘அமதேயுஸ்’ என்ற இலத்தீன் வடிவத்துக்கு வரும்போதோ இலக்கணமே மாறுகிறது. ‘அமா’ என்பது பெயரன்று, வினை, அதிலும் ஏவல்வினை. ‘அன்பு செய்’ என்று எதிரில் நிற்பவனை நோக்கிச் சொல்வது. அதோடு ‘தேயுஸ்’, கடவுள். ‘கடவுளை நேசி’ என்பதே சொல்லின் நேர்ப்பொருள். இலத்தீன் இலக்கணம் கறாராய்ப் பார்த்தால் செயப்படுபொருள் ‘தேயும்’ என இரண்டாம் வேற்றுமை ஏற்றிருக்க வேண்டும், ஏற்கவில்லை. தண்ணீர் குடி, பாட்டுப் பாடு என்று உருபின்றியே செயப்படுபொருளை நிறுத்தப் பழகிய நமக்கு அது உறுத்தாது. இலத்தீன் ஆசிரியருக்கு உறுத்தும். எப்படியிருந்தாலும் கிரேக்கத்தில் அன்பைப் பெறுபவனாய்க் கனத்த பெயர் இலத்தீனில் அன்பு செய்ய ஏவப்படுபவனாய்த் திரும்பிவிட்டது. ஒரே பொருளை மொழிமாற்றியதாய் எல்லோரும் நம்ப, அன்பின் திசை சந்தடியின்றி மாறிற்று.

வேர் தேடும் அன்பர்களுக்கு இங்கே இன்னொரு செய்தி. தெயோஸ், தேயுஸ் என்று இரண்டும் உடன்பிறந்தவை போல் ஒலிக்கின்றன. இரண்டுக்கும் கடவுள் என்றே பொருள். ஆயினும் அவை உறவுச்சொற்கள் அல்ல. வேறு வேறு வேரில் முளைத்து ஒலியில் ஒத்துப்போனவை. இலத்தீன் ‘தேயுஸ்’ என்பதன் உண்மையான உறவு வடமொழியின் ‘தேவ’. அதிலிருந்து நாம் கடன் கொண்டதே தேவன் என்ற சொல். ஆக, அமதேயுஸின் பின்பாதிக்கு நம் ஊர்த் தேவன் உறவுக்காரன், தெயோஃபிலுஸின் முன்பாதியோ அண்டைவீட்டுக்காரன்கூட இல்லை. ஒலி ஒத்தால் வேர் ஒக்கும் என்று விரைந்து முடிவுகட்டும் பழக்கம் நம்மிடையே கொஞ்சம் மிகுதி. அப்படிச் செய்கிறவர்கள் இந்த இரு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி, பெயரின் சொந்தக்காரர் எதைத் தமதென்று கொண்டார்? 1764இல் பாரிசில் அவருடைய முதல் வெளியீடு, இரண்டு சொனாட்டாக்கள், அச்சேறியது. பிரெஞ்சு மன்னரின் மகள் விக்தோர் இளவரசிக்குக் காணிக்கையாக்கிய அந்நூலின் முகப்பில் யோ. கொ. வொல்ஃப்காங் மொசார்ட், சால்ஸ்பர்க், அகவை ஏழு என்ற அளவில் பெயர் காணப்படுகிறது. யோ என்பது யோவான், கொ என்பது கொட்லீப். இரண்டும் முதலெழுத்தாய்ச் சுருங்கி, ஓநாய்நடை மட்டும் முழுதாய் நிற்கிறது. ஆறாண்டு கழித்து, 1770 தொடக்கத்தில், தந்தையோடு இத்தாலியில் இருக்கிறான் பையன். வெரோனா நகரில் அவனை இசைக்கருவியின் முன் உட்கார வைத்துத் தீட்டிய ஓவியம் இன்றும் உள்ளது. அங்கே அவன் ‘அமதேயோ வொல்ஃப்காங்கோ’. இத்தாலியருக்கு ‘கொட்லீப்’ வாயில் நுழையாத சொல். ‘அமதேயோ’வோ அவர்கள் நாட்டில் சவோய் அரசகுடியில் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வந்த உயிருள்ள பெயர். புதிதாய் ஒன்றைப் படைக்க வேண்டிய தேவையே எழவில்லை. சிறுவன் அதைப் பிடித்துக்கொண்டான். 1777 அளவில், பாரிசு நோக்கிய நெடும்பயணக் காலத்தில், அது பிரெஞ்சுச் சாயலில் ‘அமதே’ ஆயிற்று. அதன்பின் வாழ்நாள் முழுதும் பெரும்பாலும் அப்படியே கையொப்பமிட்டார்.

‘அமதே’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்று உயிரும் திறந்த உயிர். இறுதியில் வாயை மூடும் மெய் இல்லை. மகரத்தின் மூக்கொலி நடுவே இழைய, ஏகாரம் நீண்டு காற்றில் நிற்கிறது. ‘அமதேயுஸ்’ என்னும்போது இறுதிச் சகரம் சீறி அடைக்கிறது. இசைவாணர் காதுக்கு முன்னது பிடித்திருப்பதில் வியப்பில்லை. பெயர்களைப் பந்துபோல் உருட்டி விளையாடியவர் அவர். கடிதங்களில் எழுத்துகளைப் பின்னிருந்து கோத்துத் தம்மைத் தலைகீழாய்க் கையெழுத்திட்டதுண்டு. எல்லாப் பெயருக்கும் ‘உஸ்’ விகுதி ஒட்டி வொல்ஃப்காங்குஸ் அமதேயுஸ் மொசார்ட்டுஸ் என்று பள்ளிக்கூட இலத்தீனாய் முழங்கியதும் அந்த விளையாட்டின் பகுதி. வேடிக்கைக்கு எழுதிய அந்த ‘அமதேயுஸ்’ தவிர வேறெங்கும் அச்சொல்லை அவர் விரும்பி ஏற்றதாய்த் தெரியவில்லை. 1784 பிப்ரவரி முதல் தம் இசைப்படைப்புகளைத் தாமே வரிசைப்படுத்தி எழுதிய குறிப்பேட்டின் மேலட்டையில் அவர் கைப்பட உள்ளது வொல்ஃப்காங் அமதே மொசார்ட். மறுஆண்டு ஹைடனுக்குக் காணிக்கையாய் வெளியிட்ட நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஆறு படைப்புகளின் இத்தாலிய முகப்பில் ‘வொ. அ. மொசார்ட்’ என்று மட்டும். அதே முகப்பில் ஹைடனும் யோசஃப் அல்லர், ‘ஜுசெப்பே’. பத்தாண்டு கழித்து, ‘படைப்பு 1’ என்று எண்ணிட்ட தம் வெளியீட்டின் பிரெஞ்சு முகப்பில் லுட்விக் பேத்தோவன் ‘லூயி’ ஆனதும் இதே வழக்கால்தான். ஊருக்கு ஏற்ற உடை போல மொழிக்கு ஏற்ற பெயர் என்பது அந்நூற்றாண்டின் இயல்பான நாகரிகம்.

நாகரிகத்துக்கு எது மாறினாலும் வீட்டுத் திருநாளுக்கு வொல்ஃப்காங்தான். பிறந்தநாளைவிடப் பெயர்கொண்ட விழாவை உயர்வாய்க் கருதிய கத்தோலிக்க மரபில், புனித வொல்ஃப்காங்கின் நாளான அக்டோபர் 31 அவருக்குத் திருநாள். 1781இல் வியன்னாவில் அந்நாள் இரவு நடந்ததை அவரே தந்தைக்கு எழுதியிருக்கிறார். பதினொரு மணி, படுக்கைக்குப் போக உடை களையும் நேரம். கிளாரினெட் இருவர், ஹார்ன் இருவர், பசூன் இருவர் என ஆறு ஏழைக் கலைஞர்கள் தெருக்கதவைத் திறக்கச் செய்து, முற்றத்தின் நடுவில் நின்று, அவரே இயற்றிய ஈ-ஃபிளாட் இரவிசையை எடுத்தார்கள். இரண்டு வாரம் முன்பு, தெரேசா என்ற பெண்ணின் பெயர்கொண்ட விழாவுக்காக அவர் எழுதிய இசை அது; அன்றிரவே அவர்கள் அதை ஊரில் மூன்று இடங்களில் வாசித்துக் கூலியும் பெற்றிருந்தார்கள். ஒரு புனிதையின் பெயருக்காகப் பிறந்த படைப்பு, ஒரு புனிதரின் பெயருக்காக, ஆக்கியவரிடமே திரும்பி வந்தது. அவர் படைப்புகளுக்கெல்லாம் எண் தந்த கோஷல் பட்டியலில் 375 என்ற எண்ணில் அந்த இசையை இன்றும் கேட்கலாம். முதல் நாதத்தொகுதி ஓங்கி எழும்போது, உடைப்பொத்தானில் கைவைத்தபடி சன்னலை நோக்கித் திரும்பிய ஒரு மனிதரை எண்ணிக்கொள்ளுங்கள்.

1791 டிசம்பர் 5 அன்று, முப்பத்தைந்து வயதில் அவர் மறைந்தபின் பெயர் பிறர் கைக்குப் போனது. முதலில் செருமன் வடிவமே முந்திற்று: 1793இல் ஷ்லிஷ்டெக்ரோல் எழுதிய இரங்கல் வரலாற்றிலும், 1798இல் பிராகு நகரிலிருந்து நீமெட்செக் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பிலும் அவர் வொல்ஃப்காங் ‘கொட்லீப்’ மொசார்ட். அதே காலத்தில் லைப்சிக் நகரத்துப் பிரைட்கோப்ஃப் உண்ட் ஹெர்ட்டல் நிறுவனம் அவர் படைப்புகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியதும், வீடுதோறும் சென்ற அந்த ஏடுகளின் வழியே இலத்தீன் வடிவம் வேர்பிடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பத்து முடிவதற்குள் ‘அமதேயுஸ்’ அரியணை ஏறிவிட்டது. தந்தை மறைவதற்குச் சில மாதம் முன்பு பிறந்த இளைய மகன் ஃபிரான்ஸ் சேவரும் வொல்ஃப்காங் அமதேயுஸ் மொசார்ட், மகன் என்ற பெயரில்தான் இசையுலகில் நடமாடினார். சொந்தப் பெயரைக் கழற்றி வைத்துத் தந்தை பெயரைச் சுமந்த அந்த மகனை நினைத்தால் எனக்கு இரக்கமே மிகுகிறது.

அமதேயுஸ் என்பது ஆளின் பெயர் என்ற நிலையைக் கடந்து பற்றின் அடையாளமாகவும் ஆயிற்று. 1776இல் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்த ஹோஃப்மன் என்பவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஏர்ன்ஸ்ட் தேயோடோர் வில்ஹெல்ம். கதையாசிரியராய் நாம் அறிந்த அவர், ‘உண்டினெ’ என்ற இசைநாடகத்தை ஆக்கிய இசையமைப்பாளரும்கூட. பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் பெருமையை 1810இல் எழுதி உணர்த்தியவர். மொசார்ட்மீது கொண்ட காதலால் வில்ஹெல்மைக் களைந்து அமதேயுஸைச் சூடிக்கொண்டார். ரொமாண்டிக் காலம் முந்தைய காலத்தை எப்படி வழிபட்டது என்பதற்கு ஏடு ஏடாய் எழுதுவதைவிட இந்த ஒரு பெயர்மாற்றம் நன்றாய்ச் சொல்கிறது. ‘கொட்லீப்’ அந்த வேலையைச் செய்திருக்காது; அது அண்டைவீட்டுக் கடைக்காரரின் பெயர். இலத்தீனில்தான் கோவில் மணியின் அதிர்வு இருந்தது. பிறகு 1979இல் ஷாஃபரின் நாடகமும் 1984இல் ஃபோர்மனின் திரைப்படமும் அச்சொல்லைத் தனித்து நிறுத்தின. வானூர்தி நிறுவனங்களுக்கான முன்பதிவு முறையொன்றுக்கும் அதுவே பெயராக, நம் ஊர்ப் பயணமுகவர்கள் வாயில் ‘அமேடியஸ்’ அன்றாடம் புழங்குகிறது.

குடிப்பெயரைப் பற்றிச் சுருக்கமாய்ச் சொல்லலாம். லேயோபோல்டின் முன்னோர் அவுக்ஸ்பர்க்கில் கொத்தனார்களாய் இருந்தவர்கள். பழைய ஏடுகளில் மோட்ஸ்ஹார்ட், மோட்ஸெர்ட் என்று பலவாறு அவர்கள் பெயர் காணப்படுகிறது. பின்பாதி ‘வலிமை’ என்னும் பொருளுடைய பழஞ்செருமன் விகுதி. செருமன் மொழியில் அதன் நடு மெய் டகரமும் சகரமும் ஒன்றாய்ப் பிணைந்த ஒலி, முதல் உயிர் நெடில். தமிழில் ‘மோட்சார்ட்’ என்றெழுதினால் காட்சி, ஆட்சி போல வல்லெழுத்தாய் ஒலித்து மோட்சத்தை நினைவூட்டும். ‘மோசார்ட்’ என்றால் வேறு சொல் நினைவுக்கு வரும். ‘மொசார்ட்’ என்று வழக்கில் படிந்துவிட்டதை நானும் மாற்ற முயலவில்லை. காதுக்கு மிக அணுக்கமானது மோட்ஸார்ட்.

முன்பெயரில் மட்டும் ஒரு வேண்டுகோள் உண்டு. 1862இல் கோஷல் பல்லாண்டு உழைத்து அவருடைய படைப்புகளுக்கெல்லாம் எண் தந்து பட்டியலிட்டபோது, தலைப்பில் ‘அமதேயுஸ்’ என்று எழுதவில்லை; உலகமே இலத்தீனுக்கு மாறிவிட்ட பிறகும் ‘அமதே’ என்றே எழுதினார். தமிழில் இசை பற்றி எழுதுகிறவர்களும் மொழிபெயர்ப்பவர்களும் அவரைப் பின்பற்றலாம். வொல்ஃப்காங் அமதே மொசார்ட் என்று எழுதுங்கள். நமக்கு ஒலி எளிது, கிரந்தம் ஓர் எழுத்துக் குறைவு, அந்த மனிதர் தம் கையால் எழுதியதும் அதுவே.